மூலை மழுங்காத அட்டை

தபால்தலை சேகரிப்பு பற்றி முன்பு எழுதிய ஒரு பதிவில், பிரெஞ்சு சேகரிப்பாளர்கள் பயன்படுத்தும் ‘நெஃப் சான் ஷார்னியேர்’ என்ற சொற்றொடரைக் குறிப்பிட்டிருந்தேன். புதியது, ஆல்பத்தில் ஒட்டும் சிறு காகிதக் கீல் படாதது என்று பொருள். தபால்தலையின் முகம் எவ்வளவு பளிச்சென்று இருந்தாலும், பின்பக்கப் பசையில் கீல் ஒட்டிய தடம் இருந்தால் விலை இறங்கிவிடும். ஆல்பத்தில் வைத்த பிறகு யாரும் பார்க்கப் போகாத பக்கத்துக்கு ஏன் இத்தனை மதிப்பு என்று நண்பர்கள் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்ல தபால்தலையைவிட நல்ல உதாரணம் ஒன்று இருக்கிறது: அமெரிக்கர்களின் பழைய பேஸ்பால் அட்டைகள்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பேஸ்பால் ஆட்டத்தின் விதிகள் எனக்கு இன்றுவரை பிடிபடவில்லை. நாற்பது வருடம் காகிதங்களோடு குடித்தனம் செய்தவன் என்ற முறையில், அந்த ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட காகிதம் எப்படி நூறு வருடம் பிழைத்தது, எப்படி விலை ஏறியது, அதில் எப்படித் திருட்டு புகுந்தது என்பதுதான் என் ஆர்வம்.

கதை சிகரெட்டில் தொடங்குகிறது. 1880களில் அமெரிக்காவில் சிகரெட் மெல்லிய காகிதப் பொட்டலத்தில் விற்கப்பட்டது. சட்டைப் பையில் போட்டால் நசுங்கிவிடும். நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டைத் துண்டு வைத்தார்கள். வெறும் அட்டையாக ஏன் வைக்க வேண்டும் என்று யாரோ யோசித்து, அதில் நடிகைகள், பறவைகள், கொடிகள், விளையாட்டு வீரர்கள் என்று படம் அச்சிட்டார்கள். ஒரு வரிசையை முழுதாகச் சேர்க்க வேண்டுமானால் அதே சிகரெட்டைத் திரும்பத் திரும்ப வாங்க வேண்டும். அப்பாக்கள் புகைத்தார்கள், பிள்ளைகள் அட்டை சேர்த்தார்கள். சின்ன வயதில் நாங்கள் தீப்பெட்டிப் படம் பொறுக்கியது போலத்தான்.

1909 முதல் 1911 வரை அமெரிக்கன் டொபாக்கோ கம்பெனி வெளியிட்ட ஒரு வரிசைக்கு இன்று டி-206 என்று பெயர். ஒன்றரை அங்குல அகலம்கூட இல்லாத, இரண்டரை அங்குலத்துக்குச் சற்றே கூடுதலான உயரம் கொண்ட சின்ன அட்டைகள். ஐந்நூறுக்கும் மேற்பட்ட படங்கள். அவற்றில் ஒன்றுதான் ஹோனஸ் வாக்னர் படம். பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வாக்னர் அந்தக் காலத்தின் பெரிய ஆட்டக்காரர். 1936ல் பேஸ்பால் புகழ் மண்டபத்துக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட ஐவரில் ஒருவர். தன் படத்தை அட்டையில் போடக் கூடாது என்று அவர் தடுத்ததால், அச்சு பாதியில் நின்றுபோனது. பிள்ளைகள் தன் படத்துக்காகப் புகையிலை வாங்குவதை அவர் விரும்பவில்லை என்று ஒரு சாரார் சொல்வார்கள். கம்பெனி பணம் தராததுதான் காரணம் என்று இன்னொரு சாரார் சொல்வார்கள். அவரே புகையிலை மெல்லுகிறவர் என்பதை இரண்டாம் சாரார் நினைவூட்டுவார்கள். எப்படியோ, வெளியே போன சில அட்டைகளில் இன்று இருப்பதாகத் தெரிவது ஐம்பது அறுபதுதான்.

அட்டைகள் சிகரெட்டிலிருந்து பபிள்கம்முக்கு மாறியது 1930களில். 1933ல் பாஸ்டன் நகரத்து கௌடி கம்பெனி பபிள்கம்மோடு 240 எண் கொண்ட வரிசையை வெளியிட்டது. அதில் 106ஆம் எண் வரவே இல்லை. பிள்ளைகள் விடாமல் மிட்டாய் வாங்கட்டும் என்ற தந்திரம் என்பார்கள். ஏமாந்து கடிதம் எழுதிக் கேட்டவர்களுக்கு மட்டும், அடுத்த வருடம் நாப் லாஜோயி என்ற ஆட்டக்காரரின் படத்தை 106 என்று அச்சிட்டுத் தபாலில் அனுப்பினார்கள். இதில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. கம்பெனியில் உட்கார்ந்திருந்த யாரோ ஒரு குமாஸ்தா, கடிதத்தோடு அட்டையைச் சேர்த்து ஜெம் கிளிப் போட்டு அனுப்பியிருக்கிறார். அதனால் இன்று கிடைக்கும் லாஜோயி அட்டைகள் பலவற்றில் கிளிப் அழுந்திய தடம் இருக்கிறது. அந்தத் தடம் இருந்தால் பல ஆயிரம் டாலர் குறைகிறது. அந்தக் குமாஸ்தாவுக்கு இது தெரிந்திருந்தால் கை நடுங்கியிருக்கும்.

சரி, சேகரிப்பாளர்கள் ஓர் அட்டையைக் கையில் எடுத்ததும் எதைப் பார்க்கிறார்கள்? நான்கு விஷயங்கள்: மூலை, விளிம்பு, மேற்பரப்பு, நடுமை.

மூலைதான் முதலில் போகும். நான்கு மூலையும் ஊசி போல இருக்க வேண்டும். கையில் எடுத்து வைத்தாலே மூலையின் காகித நார் பிரிந்து மழுங்கத் தொடங்கும். ரப்பர் பேண்டு போட்டுக் கட்டினால் விளிம்பில் வெட்டு விழும். டாப்ஸ் கம்பெனியின் 1952ஆம் வருடத்து வரிசையில் 1ஆம் எண் அட்டை ஆண்டி பாஃப்கோ என்பவருடையது. பிள்ளைகள் எண் வரிசைப்படி அடுக்கி ரப்பர் பேண்டு போட்டதால், மேலே இருந்த பாஃப்கோ எல்லா அடியையும் வாங்கிக்கொண்டார். பாஃப்கோ நல்ல ஆட்டக்காரர்தான், ஆனால் அவர் பெயரைச் சொன்னால் கூட்டம் கூடும் அளவுக்கு நட்சத்திரம் இல்லை. இருந்தும், 1998ல் பழுதே இல்லாத ஒரு பாஃப்கோ அட்டை 80 ஆயிரம் டாலருக்கு மேல் போயிற்று. கொடுத்த விலை ஆட்டக்காரருக்காக இல்லை, அடுக்கின் உச்சியில் இருந்தும் அடிபடாமல் தப்பித்த அதிசயத்துக்காக.

அடுத்தது விளிம்பு. வெள்ளைக் கரை போட்ட அட்டையில் தேய்மானம் கண்ணுக்குத் தெரியாது. 1971ல் டாப்ஸ் கறுப்புக் கரை போட்டு வெளியிட்டது. நகம் பட்டாலே வெள்ளைப் புள்ளி தெரியும். அதனால் அந்த வருடத்து அட்டைகளில் மாசில்லாத ஒன்றைப் பார்ப்பது அரிது.

மேற்பரப்பில் மடிப்பு, கீறல், கறை எல்லாம் சேரும். மடிப்புதான் பெரிய குற்றம். ஒரே ஒரு மடிப்பு இருந்தால் மற்ற எல்லாம் சரியாக இருந்தும் மதிப்பெண் பாதிக்குக் கீழே போய்விடும். கறையில் விசித்திரமானது பபிள்கம் கறை. பல ஆண்டுகள் பொட்டலத்துக்குள் மிட்டாயோடு ஒட்டிக் கிடந்த அட்டையில் அதன் தடம் படிந்துவிடும். பொட்டலத்தை மூட மெழுகுக் காகிதம் பயன்படுத்தினார்கள், அந்த மெழுகும் கறையாகும். கடைசியில் 1990களின் தொடக்கத்தில் டாப்ஸ் கம்பெனி மிட்டாயையே எடுத்துவிட்டது. மிட்டாய்க்கு இலவசமாக வந்த அட்டை, தன்னைக் கறைப்படுத்துகிறது என்று மிட்டாயை வெளியே தள்ளியது. வியாபார உலகில் இப்படி விருந்தாளி வீட்டுக்காரரை வெளியேற்றிய கதைகள் அபூர்வம்.

பேனாக் கறையும் உண்டு. டாப்ஸ் வரிசைகளில் சேகரிப்புப் பட்டியல் அச்சிட்ட அட்டைகள் வந்தன. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு சின்னக் கட்டம். கிடைத்த அட்டைக்கு எதிரே குறி போட வேண்டும் என்பதற்காகவே கம்பெனி கட்டம் போட்டது. சொன்னபடி குறி போட்ட ஒழுங்கான பிள்ளையின் அட்டைக்கு இன்று மதிப்பில்லை. அலட்சியமாகத் தூக்கி வைத்த பிள்ளையின் அட்டைக்குத்தான் விலை.

நான்காவது நடுமை. படம் அட்டையின் நடுவில் இருக்க வேண்டும். இடது கரையும் வலது கரையும் ஒரே அகலம், மேலும் கீழும் அப்படியே. பெரிய தாளில் பல படங்களை ஒன்றாக அச்சிட்டு, அடுக்கி, அச்சகத்து வெட்டு எந்திரத்தில் வெட்டுவார்கள். அடுக்கு ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் படம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். மூலை மழுங்குவது பிள்ளையின் கையால், நடுமை பிசகுவது அச்சகத்திலேயே. அதாவது பிறவிக் குறை. பொட்டலத்தைப் பிரித்த நொடியில் எஃகுப் பெட்டியில் பூட்டியிருந்தாலும் இந்தக் குறையைத் தவிர்க்க முடியாது. அதனால்தான் கூர்மையான மூலையும் சரியான நடுமையும் ஓர் அட்டையில் சேர்ந்து அமைவது குதிரைக் கொம்பு.

நீண்ட காலம் இதையெல்லாம் வாய்ச்சொல்லால்தான் சொன்னார்கள். சுமார், நன்று, மிக நன்று, சிறப்பு, புதியது என்று படிகள். விற்கிறவர் கண்ணுக்கு எல்லாம் ‘சிறப்பு’, வாங்குகிறவர் கண்ணுக்கு எல்லாம் ‘சுமார்’. நாணயச் சேகரிப்பில் இதே சண்டை முன்பே வந்து, வில்லியம் ஷெல்டன் என்பவர் 1949ல் 1 முதல் 70 வரை ஓர் அளவுகோல் கொடுத்தார். 1986ல் நாணயங்களுக்கு மதிப்பெண் போட்டு பிளாஸ்டிக் உறையில் மூடித் தரும் நிறுவனம் வந்தது. அதே குழுவினர் 1991ல் அட்டைகளுக்காக பி.எஸ்.ஏ. என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1 முதல் 10 வரை மதிப்பெண். அட்டையைத் திறக்க முடியாத பிளாஸ்டிக் உறையில் வைத்து மேலே எண் ஒட்டித் தருவார்கள். விற்கிறவரோ வாங்குகிறவரோ இல்லாத மூன்றாம் ஆள் தீர்ப்புச் சொல்வது என்பதுதான் இதில் புதுமை.

அன்றிலிருந்து எண்ணுக்கும் எண்ணுக்கும் நடுவே பள்ளத்தாக்கு விழுந்தது. 1952ஆம் வருடத்து டாப்ஸ் வரிசையின் 311ஆம் எண், மிக்கி மேன்டில். அவருடைய முதல் அட்டைகூட அது இல்லை, முந்தைய வருடமே போமன் கம்பெனி அவர் படத்தை வெளியிட்டுவிட்டது. ஆனாலும் 311தான் எல்லோரும் தேடுவது. பி.எஸ்.ஏ. 9 மதிப்பெண் பெற்ற ஒன்று 2021 ஜனவரியில் 52 லட்சம் டாலருக்கு விற்றது. 10 மதிப்பெண் பெற்றவை உலகத்தில் மூன்றே மூன்று. எஸ்.ஜி.சி. என்ற இன்னொரு நிறுவனம் 9.5 கொடுத்த ஒன்று 2022 ஆகஸ்டில் ஏலத்தில் 1 கோடியே 26 லட்சம் டாலருக்குப் போயிற்று. அதை விற்றவர் 1991ல் 50 ஆயிரம் டாலருக்கு வாங்கியவர். அதே படம், அதே அச்சகம், அதே வருடம். மடிந்து கசங்கிய பிரதியாக இருந்தால் இதில் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது.

இந்த விலைக்குப் பின்னால் ஒரு குப்பைக் கதை இருக்கிறது. 311 முதலான பின்வரிசை எண்கள் பேஸ்பால் பருவம் முடியும் நேரத்தில் கடைக்கு வந்தன. பிள்ளைகள் அதற்குள் கால்பந்துக்குப் போய்விட்டார்கள். விற்காத பெட்டிகள் கிடங்கில் தேங்கின. 1960ல், அந்த அட்டைகளை வடிவமைத்த சை பெர்கர் என்பவரே, இடத்தை அடைக்கிறதே என்று நூற்றுக்கணக்கான பெட்டிகளைக் குப்பைப் படகில் ஏற்றி அட்லாண்டிக் கடலில் கொட்டச் செய்தார். மிச்சமிருந்தவற்றைத் தாய்மார்கள் கவனித்துக்கொண்டார்கள். பிள்ளை பட்டாளத்துக்கோ கல்லூரிக்கோ போனதும் கட்டிலுக்கு அடியில் இருந்த செருப்புப் பெட்டி குப்பைக்குப் போயிற்று. பல பிள்ளைகள் சைக்கிள் சக்கரக் கம்பியில் அட்டையைச் செருகி மோட்டார் சைக்கிள் போலச் சத்தம் வரவழைத்தார்கள்.

ஆக, அட்டையின் இன்றைய விலையை ஏற்றியதில் காப்பாற்றியவர்களைவிட நாசமாக்கியவர்களுக்கே அதிகப் பங்கு. இதற்கு நேர்மாறான சாட்சியும் உண்டு. 1980களின் கடைசியில் பழைய அட்டைகளின் விலை செய்தித்தாளில் வரத் தொடங்கியதும், அமெரிக்காவே புது அட்டைகளை வாங்கிப் பத்திரப்படுத்தியது. கம்பெனிகளும் கணக்கில்லாமல் அச்சடித்தன. எல்லோரும் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்தார்கள், யாரும் சைக்கிளில் செருகவில்லை. விளைவு, அந்தக் காலத்து அட்டைகளில் பெரும்பாலானவை இன்று அச்சுக் கூலிக்குக்கூடப் பெறாது. பிள்ளைகளின் படிப்புச் செலவுக்கு ஆகும் என்று பரண் நிறைய அடுக்கிய குடும்பங்கள் ஏமாந்தன. எல்லோரும் பாதுகாத்த பொருளுக்கு மதிப்பில்லை.

நிலை ஒன்றே விலையைத் தீர்மானிக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். பொருள் அரிதாக இருந்தால் நிலை பின்னுக்குப் போகும். வாக்னர் அட்டையில் வெறும் 3 மதிப்பெண் பெற்ற ஒன்று 2021ல் 66 லட்சம் டாலருக்குப் போயிற்று. அடுத்த வருடமே 2 மதிப்பெண் பெற்ற ஒன்று 72 லட்சத்து 50 ஆயிரம் டாலருக்குக் கைமாறியது. பால்டிமோர் நகரத்துக் கன்னிமார் மடம் ஒன்றுக்கு, அங்கிருந்த ஒரு சகோதரியின் அண்ணன் தன் சொத்தோடு ஒரு வாக்னர் அட்டையையும் உயில் எழுதி வைத்துவிட்டு இறந்தார். மூன்று பக்கக் கரையும் வெட்டப்பட்டு, மடிந்து, யாரோ பிளாஸ்டிக் தாள் வைத்து ஒட்டிய பரிதாபமான அட்டை. அதுகூட 2010ல் 2 லட்சம் டாலருக்கு மேல் விலை போய், மடத்தின் தொண்டுப் பணிகளுக்குப் பயன்பட்டது.

அந்த மடத்து அட்டையின் குறை எல்லாம் வெளியே தெரிந்தது. இனி சொல்லப் போகிற அட்டையின் குறை வெளியே தெரியவில்லை.

1985ல் பில் மாஸ்ட்ரோ என்ற வியாபாரி 25 ஆயிரம் டாலர் கொடுத்து ஒரு வாக்னர் அட்டையை வாங்கினார். இரண்டு வருடம் கழித்து அதை 1 லட்சத்து 10 ஆயிரத்துக்கு விற்றார். 1991ல் சோத்பீஸ் ஏலத்தில், பனி ஹாக்கி நட்சத்திரம் வெய்ன் கிரெட்ஸ்கியும் அவருடைய அணி உரிமையாளர் புரூஸ் மெக்னாலும் 4 லட்சத்து 51 ஆயிரம் டாலருக்கு எடுத்தார்கள். அன்றைக்கு அது உலகச் செய்தி. புதிதாகத் தொடங்கிய பி.எஸ்.ஏ. நிறுவனம் முதன்முதலாக மதிப்பெண் போட்ட அட்டை அதுதான். 8 கொடுத்தார்கள். வாக்னர் அட்டைகள் எல்லாம் கசங்கிக் கிடக்கையில் இது மட்டும் எண்பது வருடம் கழித்தும் கூர்மையான மூலைகளோடு இருந்தது.

பிறகு அது ஒரு பெரிய அங்காடி நிறுவனத்தின் பரிசுக் குலுக்கலுக்கு வந்தது. 1996ல் குலுக்கலில் வென்றவர் ஃப்ளோரிடாவில் தபால் அலுவலக எழுத்தர் ஒருவர். பரிசுக்கு வரி கட்ட வசதி இல்லாமல் உடனே ஏலத்தில் விற்றுவிட்டார். எழுத்தர் சம்பளத்தில் ஐந்து லட்சம் டாலர் காகிதத்தை வீட்டில் வைத்திருக்க முடியாது என்பது எந்த நாட்டிலும் ஒன்றுதான். 2000ல் அது 12 லட்சத்து 65 ஆயிரம் டாலரைத் தொட்டது. 2007ல் இரண்டு முறை கைமாறி, 28 லட்சம் டாலருக்கு, அரிசோனா பேஸ்பால் அணி உரிமையாளர் கென் கெண்ட்ரிக்கிடம் போய்ச் சேர்ந்தது.

இந்த வருடங்கள் முழுவதும் ஒரு முணுமுணுப்பு இருந்துகொண்டே இருந்தது. மூலைகள் எப்படி இவ்வளவு கூராக இருக்கின்றன, யாரோ விளிம்பைச் சீவியிருக்கிறார்கள் என்று. தேய்ந்த மூலையைச் சரிசெய்ய எளிய வழி, தேய்ந்த பகுதியை அரை மில்லிமீட்டர் வெட்டி எறிவதுதானே. புது வெட்டில் புது மூலை பிறந்துவிடும். 2013ல் மாஸ்ட்ரோ, தன் ஏல நிறுவனத்தில் போலிக் கேள்வி கேட்க வைத்து விலை ஏற்றியது உள்ளிட்ட மோசடி வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். அந்த ஒப்புதலில், வாக்னர் அட்டையின் பக்க விளிம்புகளைத் தானே வெட்டியதையும், விற்கும்போது அதை மறைத்ததையும் சேர்த்தே ஒப்புக்கொண்டார். 2015ல் அவருக்கு 20 மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

இதில் யோசிக்க வேண்டியது என்ன? வெட்டுவதற்கு முன்பு இருந்ததைவிட வெட்டிய பிறகு அட்டை அழகாகத்தான் இருந்தது. கண்ணுக்கு எந்தக் குறையும் இல்லை. அழகுதான் மதிப்பு என்றால் மாஸ்ட்ரோ அதன் மதிப்பைக் கூட்டினார் என்றுதானே சொல்ல வேண்டும்? யாரும் அப்படிச் சொல்லவில்லை. வெட்டப்பட்டது என்று தெரிந்த அட்டைக்கு மதிப்பெண் நிறுவனங்கள் எண்ணே கொடுப்பதில்லை. அசல்தான், ஆனால் மாற்றப்பட்டது என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். மடிந்து கிழிந்த அட்டைக்குக்கூட 1 என்று ஓர் எண் உண்டு. திருத்தி அழகுபடுத்திய அட்டைக்கு அதுவும் கிடையாது.

இது எனக்குப் புதிதாகப் படவில்லை. புதுச்சேரியில் வேலை பார்த்தபோது பிரெஞ்சுக் காலத்து நொத்தேர் பத்திரங்களைப் புரட்ட வேண்டி வரும். அந்த எழுத்தர்களும் மனிதர்கள்தான், எழுதும்போது பிழை வரும். பிழையைச் சுரண்டி அழிக்கக் கூடாது என்பது சட்டம். படிக்கும்படியாக ஒரே கோடு இழுத்து அடிக்க வேண்டும். பத்திரத்தின் முடிவில் ‘மூன்று சொற்கள் அடிக்கப்பட்டன, செல்லாதவை’ என்று எண்ணி எழுதி, சம்பந்தப்பட்ட எல்லோரும் ‘பராஃப்’ என்னும் சுருக்கொப்பம் போட வேண்டும். அடித்தல் திருத்தல் நிறைந்த பத்திரம் பார்க்க அசிங்கமாக இருக்கும், ஆனால் நீதிமன்றத்தில் நிற்கும். அடித்தலே இல்லாத, ஆனால் ஓரிடத்தில் மட்டும் காகிதம் மெலிந்த பத்திரத்தைத்தான் பெரிய குமாஸ்தாக்கள் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பார்கள்.

அட்டை நிபுணர்கள் செய்வதும் இதேதான். உருப்பெருக்கிக் கண்ணாடியில் விளிம்பைப் பார்ப்பார்கள். நூறு வருடத்து விளிம்பு கொஞ்சம் மங்கி, மென்மையாகி இருக்க வேண்டும். மற்ற மூன்று விளிம்பும் வயதானதாக இருக்க, ஒன்று மட்டும் இளமையாக இருந்தால் சந்தேகம். அளவுகோல் வைத்து அளப்பார்கள். புற ஊதா விளக்கின் கீழ் வைப்பார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு வந்த காகிதங்களில் வெண்மைக்காகச் சேர்க்கும் ரசாயனம் அந்த விளக்கில் நீலமாக ஒளிரும். 1910ஆம் வருடத்து அட்டை அப்படி ஒளிர்ந்தால் அது போலி, அல்லது புதுக் காகிதத்தால் ஒட்டுப் போட்டது. மடிப்பை அழுத்தி எடுத்தது, மங்கிய கரைக்கு வண்ணம் பூசியது, கறையை ரசாயனத்தால் வெளுத்தது என்று மற்ற தந்திரங்களுக்கும் இப்படி ஒவ்வொரு சோதனை உண்டு.

எனவே நண்பர்களின் கேள்விக்கு என் பதில் இது. மூலை, விளிம்பு, மேற்பரப்பு, நடுமை என்று நான்கையும் கணக்குப் பார்த்தாலும், அந்த நான்குக்கும் அடியில் சேகரிப்பாளர் காசு கொடுப்பது ஐந்தாவதாக ஒன்றுக்கு. அச்சகத்தை விட்டு வந்த பிறகு, அழகுபடுத்தும் எண்ணத்தோடு யார் கையும் இதில் படவில்லை என்ற உறுதிக்கு. தபால்தலையின் பின்பக்கப் பசையும் அதே உறுதிக்கான அத்தாட்சிதான். பழைய மேசை நாற்காலி விற்கும் பிரெஞ்சுக்காரர்கள், மெருகு போடாமல் இருந்தபடியே இருக்கும் பொருளை ‘தான் சோன் ஜூ’ என்பார்கள், தன் சாற்றிலேயே இருப்பது என்று. அது தூசியோடும் கீறலோடும் இருக்கும். அதற்குத்தான் விலை அதிகம்.

முடிக்கும் முன் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்ல வேண்டும். டி-206 என்று அந்த வரிசைக்குப் பெயர் வைத்தவர் ஜெஃபர்சன் பர்டிக். நியூயார்க் மாநிலம் சிராக்யூஸ் நகரில் மின்சாதனத் தொழிற்சாலை ஒன்றில் பாகங்களைப் பொருத்தும் தொழிலாளி. திருமணம் செய்துகொள்ளவில்லை. மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிப்போனவர். உலகம் குப்பையாக நினைத்த காலத்தில் அமெரிக்காவின் அத்தனை அச்சட்டைகளையும் தேடிச் சேர்த்து, வகைபிரித்து, எண் கொடுத்து ‘அமெரிக்கன் கார்ட் கேட்டலாக்’ என்ற பட்டியலை உருவாக்கினார். இன்றைக்கும் ஏலக்காரர்கள் பயன்படுத்துவது அவர் கொடுத்த எண்களைத்தான். 1940களின் கடைசியில் தன் சேகரிப்பு முழுவதையும் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்துக்கு நன்கொடையாகக் கொடுத்தார். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட காகிதங்கள், அவற்றில் பேஸ்பால் அட்டைகள் மட்டும் முப்பதாயிரத்துக்கு மேல். வாக்னரும் உண்டு. ஆண்டுக்கணக்கில் அந்த அருங்காட்சியகத்தில் உட்கார்ந்து, கோணிய விரல்களால் ஒவ்வொன்றையும் ஆல்பத்தில் ஒட்டினார். 1963 ஜனவரியில் கடைசி அட்டையை ஒட்டி முடித்தார். மார்ச்சில் இறந்துபோனார்.

ஆம், பசை போட்டு ஒட்டினார். இன்றைய கணக்குப்படி பின்பக்கம் பசை ஏறிய அட்டைகளுக்கு நல்ல மதிப்பெண் கிடைக்காது. அதைச் சொல்லி அங்கலாய்க்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள். ஆனால் பர்டிக் அவற்றை விற்பதற்காகச் சேர்க்கவில்லை. ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு என்னென்ன படம் காட்டியது என்பதற்கு ஒரு பதிவேடு வேண்டும் என்று சேர்த்தார். பதிவேட்டின் பக்கங்கள் கலையாமல் இருக்க ஒட்டத்தான் வேண்டும். எதை ஒட்டினோம், எங்கே ஒட்டினோம் என்று மறைக்காமல் எண் போட்டு வைத்தார். 10 மதிப்பெண் பெற்ற அட்டைகள் வங்கிப் பெட்டகங்களில் பிளாஸ்டிக் உறைக்குள் கிடக்கின்றன. பர்டிக் ஒட்டிய அட்டைகளிலிருந்து அருங்காட்சியகம் முறை போட்டுச் சிலவற்றை எடுத்துப் பொதுமக்களுக்குக் காட்டுகிறது. நியூயார்க்கில் பிள்ளைகள் இருக்கும் நண்பர்கள் அடுத்த முறை போகும்போது பார்த்துவிட்டு வந்து எனக்கு எழுதுங்கள்.